‘இந்த மூட்டை சரியில்லை’: சோறும் சப்பாத்தியும் கெடும்போது எங்கிருந்து பார்ப்பது

சிங்கப்பூரின் தேக்காவிலிருந்து அதிகத் தூரமில்லாத ஒரு கேட்டரிங் சமையலறையில் 11 வருடமாக அரிசி, மாவு கணக்கு என் பொறுப்பு. மதியத்துக்கு 250 பொட்டலம் போகும். அதே பிராண்ட், அதே சமையல்காரர், அதே அண்டா, அதே தண்ணீர். இருந்தும் வருடத்தில் நாலைந்து முறை சோறு குழைந்துவிடும். முதலில் சமையல்காரரைத் திட்டினோம். அப்புறம் கடைக்காரரைத் திட்டினோம். கடைசியில்தான் புரிந்தது: பையின் மேலே அச்சிட்ட பெயர் மாறாது, உள்ளே இருக்கும் தானியம் மாறும். அது எந்த வெயிலில் பால் பிடித்தது, எந்த மழையில் அறுவடையானது என்பதெல்லாம் அண்டாவில் வந்து தெரியும்.

அதற்காக எல்லாவற்றுக்கும் பருவநிலையைக் குற்றம் சொல்லவும் முடியாது. என் அனுபவத்தில் பாதிக்கு மேல் நம் சமையலறைத் தவறுதான். அதனால் கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். மேலிருந்து கீழே போங்கள். இடையில் தாவ வேண்டாம்.

முதலில்: கறுப்பு மூடியும் 100 அரிசியும்

சாப்பாடு தப்பாவ் செய்யும் (கட்டி எடுத்துப்போகும்) கறுப்புப் பிளாஸ்டிக் டப்பா இருக்கிறதல்லவா, அதன் மூடி ஒன்றைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். புது மூட்டை வந்ததும் மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் கைவிட்டு ஒவ்வொரு சிட்டிகை எடுத்துக் கலந்து, அதிலிருந்து 100 அரிசியை எண்ணி அந்தக் கறுப்பில் பரப்புங்கள். ஜன்னல் வெளிச்சம் போதும். நாலு குவியலாகப் பிரியுங்கள்: கண்ணாடிபோல் இருப்பவை, சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளையாக இருப்பவை, உடைந்தவை, மஞ்சளோ கறுப்போ ஏறியவை.

நாலு எண்ணையும் தேதியோடு மூட்டையின்மேல் மார்க்கரால் எழுதிவிடுங்கள். பையில் அச்சிட்ட லாட் (தொகுதி) எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். தீர்ந்துபோகும் மூட்டையிலிருந்து ஒரு கிலோவைத் தனி ஜாடியில் எடுத்துவையுங்கள். புதியதோடு ஒப்பிட அந்த ஜாடிதான் கைகொடுக்கும். முழுக்கத் தீர்த்துவிட்டு, “போன மூட்டை நல்லா இருந்துச்சே” என்று கடையில் போய் நின்றால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

அறிகுறி 1: சோறு குழைகிறது, பசைபோல் ஒட்டுகிறது

1அ. தண்ணீரும் ஊறும் நேரமும்

அளக்கும் குவளை மாறியிருக்கிறதா? ஆள் மாறியிருக்கிறாரா? அரை மணி ஊற வேண்டியது, போன் வந்ததால் இரண்டு மணி ஊறியதா? எங்கள் சமையலறையில் ஒரு மாதம் முழுக்கச் சோறு குழைந்ததற்குக் காரணம், பழைய அலுமினியக் குவளை நசுங்கிப்போய்ப் புதுக் குவளை வாங்கியதுதான். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் புதியதில் ஒரு மடக்குத் தண்ணீர் கூடுதலாகப் பிடித்தது.

சோதனை: ஜாடியில் இருக்கும் பழைய அரிசியையும் புதியதையும் 100 கிராம் எடைபோட்டு, ஒரே அளவு தண்ணீரில் தனித்தனிச் சிறு பாத்திரங்களில் வேகவையுங்கள். இரண்டும் குழைந்தால் தவறு உங்களிடம். புதியது மட்டும் குழைந்தால் அடுத்ததற்குப் போங்கள்.

1ஆ. புது அரிசி

அறுத்து ஆறு மாதம்கூட ஆகாத அரிசி தண்ணீரைக் குறைவாகத்தான் வாங்கும், சீக்கிரம் இளகிவிடும். ‘பழைய அரிசி’க்கு ஊரில் தனி விலை இருப்பது இதனால்தான். விளைச்சலோ ஏற்றுமதியோ தடுமாறும் வருடங்களில் அரிசி கிடங்கில் பழசாகும்வரை யாரும் காத்திருப்பதில்லை. 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியது நினைவிருக்கும். ஒழுங்காகப் பெய்யாத மழையும் உள்ளூர் விலையேற்றமும் அப்போது சொல்லப்பட்ட காரணங்கள். பிறகு சிங்கப்பூருக்கென்று 50,000 டன் தனியாக அனுமதித்தார்கள். அந்த மாதங்களில் எங்களுக்கு வந்த மூட்டைகளில் இரண்டு ஒன்றுபோல் வேகவில்லை.

கடைக்கார அண்ணனிடம் போய், “போன மூட்டைத் தண்ணிக் கணக்கு இதுக்குச் செல்லலியே அண்ணே” என்றேன். “அப்ப கொறச்சு ஊத்துங்கக்கா, புது நெல்லு” என்றார். அவர் சொன்னதுதான் மருந்து. ஒரு கப்புக்குக் கால் கப் தண்ணீரைக் குறையுங்கள், ஊறும் நேரத்தைப் பாதியாக்குங்கள். இன்னும் நல்லது வடித்துவிடுவது. குக்கரில் வைத்தால் குழையும் அரிசி வடித்தால் பிழைத்துக்கொள்ளும். வீட்டுக்காரர்கள் ஐந்து கிலோ கூடுதலாக வாங்கி நாலைந்து மாதம் காற்றுப்புகாமல் வைத்துப் பழசாக்கலாம், வண்டுக்கு வழிவிடாமல் இருந்தால்.

1இ. நொய் அதிகம்

கறுப்பு மூடியில் உடைந்த குவியலைப் பாருங்கள். உடைந்த இடத்தில் மாவு தண்ணீரில் கரைந்து இறங்கும், கஞ்சி கெட்டியாகும், முழு அரிசியையும் அது ஒட்டவைத்துவிடும். சலித்து நொய்யைத் தனியே எடுத்துக் கஞ்சிக்கோ உப்புமாவுக்கோ வைத்துக்கொண்டால் பிரச்சினை முடிந்தது.

நொய் இரண்டு விதமாக வரும். ஒன்று, ஆலையில் உடைந்தது அல்லது மூட்டையைத் தூக்கிப்போட்டு உடைந்தது. இன்னொன்று, வயலிலேயே கீறல் விட்டது: காய்ந்து நிற்கும் கதிரில் திடீர் மழை, மறுநாள் சுள்ளென்று வெயில். தானியம் ஈரத்தை வாங்கி, விட்டு, உள்ளுக்குள் கோடுவிட்டுப் பிளக்கிறது. ஒரு முழு அரிசியை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் குறுக்கே மயிரிழைபோல் கோடு தெரியும். பத்தில் நாலைந்தில் அப்படிக் கோடு இருந்தால் சலித்தும் பயனில்லை, வேகும்போது உடையத்தான் போகிறது. அந்த மூட்டையைப் பொங்கலுக்கும் பிரியாணி அல்லாத கலந்த சோற்றுக்கும் தள்ளிவிடுங்கள்.

1ஈ. வெள்ளை வயிறு

பச்சரிசியில் சுண்ணாம்பு வெள்ளையாக இருப்பவை எத்தனை? 100-க்குப் பத்துவரை நான் கண்டுகொள்வதில்லை. 20 தாண்டினால் தண்ணீர்க் கணக்கை மாற்றியாக வேண்டும். 30 என்றால் அந்த லாட்டைத் திருப்பிக் கொடுக்கிறேன்.

இதுதான் நேராக வெயிலிலிருந்து வருவது. கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் இரவு குளிராவிட்டால் மாவுமணிகள் நெருக்கமாக அடையாமல் இடையில் காற்று நின்றுவிடுகிறது. அந்தக் காற்றுதான் வெள்ளையாகத் தெரிகிறது. நகத்தால் அழுத்தினால் பொடியும். ஆலையில் உடையும், அண்டாவில் முதலில் கரைவதும் அதுதான். சூட்டில் முற்றிய அரிசியில், சோற்றை உதிரியாக வைக்கும் அமிலோஸ் என்ற மாவுச்சத்து குறைவதும் உண்டு, அப்போது ஒட்டல் இன்னும் கூடும். பகல் வெயிலைவிட இரவுச் சூடுதான் நெல்லுக்குப் பகை. பிலிப்பீன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பல வருடக் கணக்கைப் பார்த்து 2004-இல் சொன்னது: இரவு வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் விளைச்சல் 10 விழுக்காடு இறங்குகிறது. தரம் எப்படி விழும் என்பதற்கு ஜப்பானைப் பார்த்தால் போதும். 2023 கோடையில் நிகாடா மாநிலத்தின் கோஷிஹிகாரி அரிசியில் முதல் தரம் பெற்றது 5 விழுக்காடுகூட இல்லை. ஜப்பானிலேயே பேர்போன அரிசி அது. நம் பேரங்காடியில் அந்தப் பையின் விலையைப் பார்த்து நான் எப்போதும் நகர்ந்துவிடுவேன் என்பது வேறு கதை.

என்ன செய்யலாம்: ஊறவைக்காதீர்கள். கொதிக்கும் தண்ணீரில் போட்டு வடியுங்கள். அல்லது புழுங்கலுக்கு மாறுங்கள். உமியோடு நெல்லாகவே அவிக்கும்போது அந்தக் காற்றிடைவெளி மூடி, வெள்ளை வயிறு மறைந்துவிடுகிறது, உடைவதும் குறைகிறது. வெயில் கடுமையான வருடத்தில் எங்கள் சமையலறை புழுங்கல் பொன்னிக்குப் போய்விடும். வாடிக்கையாளர் இருவர் முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான்.

1உ. புழுங்கலிலேயே வெள்ளை வயிறு தெரிந்தால்

இங்கே வெயிலைத் திட்ட வேண்டாம். அது சரியாக அவியாத நெல், ஆலைக்காரர் தவறு. அரிசியைக் குறுக்கே கடித்துப் பாருங்கள், நடுவில் வெள்ளைப் புள்ளி இருக்கும். இதற்குச் சமையலறையில் மருந்தில்லை. லாட் எண், 100 அரிசிக் கணக்கு, ஜாடி மூன்றையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

அறிகுறி 2: பாஸ்மதி நீளவில்லை, மணக்கவில்லை

எளிய காரணம் முதலில்: பையைத் திறந்து அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு மாதம் வைத்திருந்தால் மணம் போகத்தான் செய்யும். அடுத்தது கலப்படம். பத்து அரிசியை வரிசையாக வைத்து நீளம் பாருங்கள், இரண்டு மூன்று விதமாக இருந்தால் கலந்திருக்கிறார்கள். மூன்றாவதுதான் பருவம். பாஸ்மதிக்கு மணம் தரும் பொருள் குளிர்ந்த இரவுகளில் முற்றும் கதிரில்தான் நன்றாகச் சேரும். இமயத்தின் அடிவாரச் சமவெளிக்கு அந்தப் பெயர் கிடைத்ததே அதனால்தான். சூடான இலையுதிர் காலத்தில் அறுத்த அரிசி நீளமாக இருக்கும், வாசனை இருக்காது. பிரியாணி ஆர்டருக்கு முன் கால் கிலோ வேகவைத்துப் பார்க்காமல் 25 கிலோவைத் திறக்காதீர்கள். ஏலக்காயையும் பட்டையையும் கூட்டிச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சாப்பிடுகிறவருக்குத் தெரிந்துவிடும்.

அறிகுறி 3: சப்பாத்தி மாவு ஒட்டுகிறது, தேய்க்கும்போது கிழிகிறது

இதில் இரண்டு கிளை. கலக்காமல் பாருங்கள்.

3அ. பிசைந்து அரை மணியில் மாவு இளகி, கையில் பிசினாக ஒட்டுகிறது

தண்ணீர் அதிகமா? நம் ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் 80 விழுக்காட்டைச் சுற்றியே இருக்கும். திறந்துவைத்த ஆட்டா தானாகவே ஈரம் வாங்கியிருக்கும். இரண்டு ஸ்பூன் தண்ணீரைக் குறைத்து மறுபடி பிசையுங்கள். சரியாகிவிட்டால் பையை இறுக்கிக் கட்டுங்கள், வேலை முடிந்தது.

சரியாகவில்லை என்றால் அறுவடை மழையில் கதிரிலேயே முளைவிட்ட கோதுமையாக இருக்கலாம். முளைக்கும்போது தானியம் தன் மாவுச்சத்தைத் தானே சர்க்கரையாக உடைத்துக்கொள்கிறது. பிசைந்த மாவிலும் அந்த வேலை நிற்பதில்லை. சப்பாத்தி லேசாக இனிக்கும், சீக்கிரம் கருகும். வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுதான்: நல்ல மாவோடு பாதிப் பாதி கலந்து, பிசைந்ததும் உடனே சுட்டுவிடுவது. முழுக் கோதுமை வாங்கி அரைப்பவர்கள் தானியத்தின் முனையைப் பாருங்கள், தோல் பிளந்து சிறு முளை எட்டிப்பார்க்கும்.

3ஆ. மாவு இழுபடவில்லை, தேய்த்தால் ஓரம் பிளந்து கிழிகிறது

முதலில் 20 நிமிடம் மூடிவைத்துத் தேய்த்துப் பாருங்கள். அதன்பின் வெந்நீரில் பிசைந்து பாருங்கள். இரண்டுக்கும் மசியவில்லை என்றால் பசைச் சோதனை. 50 கிராம் மாவைப் பிசைந்து உருட்டி அரை மணி விட்டு, குழாயடியில் சன்னமாகத் தண்ணீர் விட்டுக் கசக்குங்கள். வெள்ளைத் தண்ணீர் முழுக்கப் போய்க் கையில் சூயிங்கம்போல் ஒன்று நிற்கும். அதை எடை போடுங்கள், இழுத்துப் பாருங்கள். பழைய பையிலும் இதையே செய்யுங்கள். புதியதில் அது சிறுத்து, இழுத்ததும் அறுந்தால் கோதுமையே பலவீனம்.

கதிர் முற்றும்போது அடிக்கும் அனல் அதற்கு ஒரு காரணம். 2022 மார்ச் மாதம் இந்தியாவில் 1901-இலிருந்து பதிவான மார்ச்சுகளிலேயே மிகச் சூடானது. பஞ்சாப், ஹரியானாவில் கோதுமை பால் பிடித்து முடிக்குமுன் காய்ந்து சுருங்கிப்போனது. சுருங்கிய, உடைந்த தானியத்துக்கு அரசுக் கொள்முதலில் 6 விழுக்காடாக இருந்த வரம்பை 18 ஆக்க வேண்டியிருந்தது. மே 13 அன்று கோதுமை ஏற்றுமதிக்கே தடை வந்தது. ஆட்டாவுக்கும் பின்னாலேயே கட்டுப்பாடு வந்தது. எங்களுக்கு அந்த வருடம் வேறு நாட்டுக் கோதுமையில் அரைத்த மாவு வந்தது. சமையலறையில் இருந்த பஞ்சாபி அண்ணன் முதல் உருண்டையிலேயே, “இது நம்ம கோதுமை இல்ல” என்று சொல்லிவிட்டார்.

எப்போது வெளியாளை அழைப்பது: மாதம் 100 கிலோவுக்கு மேல் மாவு வாங்குபவராக இருந்தால், விற்பவரிடம் ‘ஃபாலிங் நம்பர்’ சான்று கேளுங்கள். கோதுமை முளைத்துக் கெட்டதா என்பதை வினாடிக் கணக்கில் சொல்லும் அளவு அது. பெரிய மாவாலைகள் அதை அளப்பது வழக்கம். 300 வினாடிக்கு மேல் என்றால் முளைப்புச் சேதம் இல்லை, 200-க்குக் கீழே என்றால் வாங்காதீர்கள். வீட்டுக்கு 5 கிலோ வாங்குபவர் இந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. பிராண்டை மாற்றுங்கள், போதும்.

அறிகுறி 4: இட்லி தட்டையாகிறது அல்லது மாவு புளித்துப்போகிறது

புளிப்பு என்றால் அரிசியை விடுங்கள், அது நம் சமையலறைச் சூடு. 2023 மே 13 அன்று சிங்கப்பூரின் அங் மோ கியோ வட்டாரத்தில் 37 டிகிரி. அந்த வாரம் எட்டு மணி நேரம் வைத்த மாவு மோராகிவிட்டது. வெக்கையான நாளில் ஐந்து மணி நேரத்திலேயே எட்டிப்பாருங்கள், கிரைண்டரில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள்.

தட்டை என்றால் உளுந்து. அரைத்த உளுந்து மாவில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். முங்கினால் உளுந்து பழசு, அல்லது சரியாக அரைபடவில்லை. மிதந்தும் இட்லி பசையாக வந்தால்தான் அரிசிப் பக்கம் வர வேண்டும்: 1ஆ, 1உ இரண்டையும் பாருங்கள்.

அறிகுறி 5: வண்டு, அந்து, நூல் கட்டுதல்

ஒரே பையில் மட்டும் இருந்தால் வெளியிலிருந்து வந்தது. அலமாரி முழுக்க இருந்தால் இங்கேயே பெருகியது. 28 முதல் 30 டிகிரி சூடும் ஈரக்காற்றும் அரிசி வண்டுக்கு விருந்து. முட்டையைத் தானியத்துக்குள்ளேயே இட்டு மூடிவிடும். ஒரு மாதத்துக்குச் சற்று மேல் ஆனதும் உள்ளிருந்து துளைத்துக்கொண்டு வெளியே வரும். வாங்கிய அன்று சுத்தமாக இருந்த அரிசி ஐந்தாவது வாரம் ஊர்ந்து போவதன் ரகசியம் இதுதான்.

5 கிலோ வரை: பையோடு ஃப்ரீசரில் நாலு நாள், அப்புறம் திறக்காமலே வெளியே வைத்து அறைச்சூட்டுக்கு வந்ததும் காற்றுப்புகாத டப்பாவுக்கு மாற்றுங்கள். வீவக (அரசு அடுக்குமாடி வீடு) நடைபாதையில் வெயிலில் காயவைக்க வேண்டாம். வண்டு பக்கத்து வீட்டுக்குப் போகும், அரிசி கீறல் விடும், அப்புறம் 1இ-க்குத் திரும்பி வருவீர்கள். வேப்பிலை, காய்ந்த மிளகாய் போடுவதை நான் தடுக்கவில்லை, ஆனால் உள்ளே இருக்கும் முட்டையை அது ஒன்றும் செய்யாது.

ஊரிலிருந்து யாராவது, கிடங்கில் பூச்சி கொல்ல வைக்கும் மாத்திரையைக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். அதிலிருந்து கிளம்பும் வாயு மூடிய வீட்டில் ஆளையே கொல்லும். அலமாரி முழுக்கப் பரவிவிட்டாலோ, உணவுக்கடை உரிமம் உள்ள இடமாக இருந்தாலோ, உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 6: மஞ்சள் அரிசி, மக்கல் வாடை

இங்கே சமைத்துப் பார்க்கும் சோதனை கிடையாது.

100-க்கு ஒன்றிரண்டு மஞ்சள், வாடை இல்லை என்றால் பொறுக்கிப் போட்டுவிட்டுப் பயன்படுத்தலாம். ஐந்தாறுக்கு மேல் என்றால் நெல் ஈரத்தோடு குவிந்து கிடந்து உள்ளுக்குள் சூடேறிப் பழுத்திருக்கிறது. தஞ்சை டெல்டாவில் இது புதிய கதையில்லை. குறுவை அறுக்கும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிடும், சம்பா அறுவடையில் தை, மாசியில் எதிர்பாராத மழை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 விழுக்காடு. நனைந்த நெல்லைக் காயவைக்கச் சாலையைத் தவிர இடமில்லாமல், வரம்பைத் தளர்த்தச் சொல்லிக் கேட்பது அடிக்கடி நடக்கிறது.

மஞ்சள் மட்டும் என்றாலும் ருசி கெடும். மக்கல் வாடையோ பச்சை, கறுப்புப் பொடியோ சேர்ந்தால் பூஞ்சை. சில பூஞ்சைகள் விடும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது, கழுவினாலும் முழுக்கப் போகாது. “நாலு தண்ணி அலசுனா சரியாப் போயிடும்” என்று என் பெரியம்மா சொல்வார். இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். புறாவுக்கும் போட வேண்டாம்.

செய்ய வேண்டியது: பையை மூடி ஒட்டுங்கள், லாட் எண்ணைப் படமெடுங்கள், ரசீதோடு கடைக்குத் திருப்புங்கள். கடை மறுத்தால் சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் புகார் செய்யலாம். கேட்டரிங் நடத்துபவர் என்றால் அங்கீகாரம் பெற்ற உணவுப் பரிசோதனைக் கூடத்துக்கு மாதிரி அனுப்புவது நல்லது. செலவாகும், ஆனால் 250 பேர் வயிற்றைவிட மலிவு.

அறிகுறி 7: கண்ணுக்கு எதுவுமே தெரியவில்லை

சோறு நன்றாக இருக்கிறது, வாடிக்கையாளர் ஒருவர் கேட்கிறார்: “அரிசியில இப்பல்லாம் சத்தே இல்லையாமே?” இதற்குக் கறுப்பு மூடி உதவாது. காற்றில் கரியமில வாயு கூடும்போது பயிர் மாவுச்சத்தை நிறையச் சேர்க்கிறது, மற்றவை பின்தங்குகின்றன. அந்த வாயுவை 550 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 550 பங்கு) அளவில் வைத்து வயலில் வளர்த்த கோதுமையில் துத்தநாகம் 9 விழுக்காடு, புரதம் 6 விழுக்காடு குறைந்தது. அரிசியில் புரதம் 8 விழுக்காடு போனது. இது 2014-இல் வந்த ஆய்வு. அதேபோல் வாயுவைக் கூட்டி வளர்த்த நெல்லில் 2018-இல் வந்த ஆய்வு பார்த்தபோது பி9 வைட்டமின் சராசரியாக 30 விழுக்காடு குறைந்திருந்தது. இப்போது காற்றில் 420-ஐத் தாண்டியிருக்கிறது, 550-ஐ இன்னும் தொடவில்லை. ஆகவே இன்று நீங்கள் வாங்கும் பையில் அந்த அளவுக்குக் குறை இருக்காது.

செலவில்லாத மாற்றம்: பச்சரிசியைவிடப் புழுங்கலில் பி1 நன்றாகத் தங்கும், அதற்கு மாறுங்கள். சோற்றின் அளவைக் கொஞ்சம் குறைத்துப் பருப்பு, கீரை, முட்டையைக் கூட்டுங்கள். வாரம் ஒருநாள் ராகிக் களி செய்தால் எங்கள் சமையலறையில் அதுதான் முதலில் தீர்கிறது. களைப்பு, மூச்சு வாங்குதல், முடி கொட்டுதல் என்று உடம்பு காட்டினால் அரிசியைச் சந்தேகித்து நேரத்தைக் கடத்தாதீர்கள், கடையில் இரும்புச்சத்து மாத்திரையும் தானாக வாங்காதீர்கள். பக்கத்துப் பலதுறை மருந்தகத்துக்குப் போய் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.